குடும்ப மருத்துவம் முடித்தாயிற்று, முதல் வேலை எது?

கேள்வி: குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து மூன்று மாதமாகிறது. ஒரு கிளினிக்கில் மாதச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மூத்த மருத்துவர் ஒருவர் பார்ட்னராகச் சேரச் சொல்கிறார். விடுப்பில் போகும் மருத்துவர்களுக்குப் பதிலாக உட்காரும் லோகம் வேலையில் இரண்டையும்விடப் பணம் அதிகம். எதை எடுப்பது?

பதில்: முதல் இரண்டு வருடத்துக்கு என் ஓட்டு சம்பள வேலைக்குத்தான். சொன்னால் சிரிப்பீர்கள், காரணம் ஒரு இருமல்.

ரத்த அழுத்தத்துக்கு ஒருவருக்கு எனலாப்ரில் எழுதுகிறீர்கள். சில வாரம் கழித்து வறட்டு இருமலோடு வருகிறார். சிரப் கொடுக்கிறீர்கள். நிற்கவில்லை. ஆன்டிபயாட்டிக், அப்புறம் எக்ஸ்ரே. அதிலும் ஒன்றுமில்லை என்றான பிறகுதான் நீங்கள் எழுதிய மாத்திரையே நினைவுக்கு வருகிறது. ஒருமுறை இப்படி அசடு வழிந்தால் ஆயுசுக்கும் மறக்காது. லோகமாக வந்து போகிறவருக்கு இந்தப் பாடம் கிடைப்பதே இல்லை. அவர் எழுதிய மாத்திரையின் இருமல் வேறொருவர் மேஜைக்குப் போய்விடும்.

நோயாளிக்கும் இதில் லாபம் உண்டு. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2022-இல் வந்தது. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களிடம், ஒரு வருடமே ஆனவர்களைவிட, அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும் இறப்பும் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்றாலும், லேசாகத் தள்ளிவிடக்கூடிய வித்தியாசம் இல்லை.

கடன் கழுத்தை நெரிக்கிறதா? எந்த ஊரில் தங்குவது என்றே முடிவாகவில்லையா? சரி, லோகம் போங்கள், தப்பில்லை. ஆனால் கிளம்பும்முன் ஒன்றைக் கேட்டு எழுதி வையுங்கள்: நான் அனுப்பிய பரிசோதனை முடிவுகளை யார் பார்ப்பார்கள்? அதே எனலாப்ரில் தொடங்கினால் ஓரிரு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். முடிவு வரும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

பார்ட்னர்ஷிப் விஷயத்தில் நான் சூடுபட்டவன். மூத்தவர் மேல் மரியாதை, அதனால் கணக்குப் புத்தகத்தைக் கேட்கக் கூச்சம். கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, ஸ்கேன் மெஷின் கடனில் பாதி என் தலையில். கூச்சப்படாதீர்கள். கடைசி மூன்று வருடக் கணக்கு, கட்டட வாடகை ஒப்பந்தம், பிரிந்து போனால் பக்கத்தில் கிளினிக் வைக்கக் கூடாது என்ற நிபந்தனை, மூன்றையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். காட்டத் தயங்குகிறவரோடு சேராதீர்கள். ஒரு வருடம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு அப்புறம் பார்ட்னராகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். நல்லவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

எந்த வேலையானாலும் தொழில்முறைக் காப்பீட்டைப் படித்துப் பாருங்கள். சில பாலிசிகள், பாலிசி நடப்பில் இருக்கும்போது புகார் வந்தால்தான் பணம் தரும். வேலையை விட்டு ஒரு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால் கைவிரித்துவிடுவார்கள். அதற்குப் பிந்தைய காலக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். அதை யார் கட்டுவது என்று சேரும்போதே பேசிவிடுங்கள்.

மாணவர்களுக்குக் கற்பிப்பது, வலி தணிப்பு சிகிச்சை, முதியோர் இல்லம் என்று வாரத்தில் ஓர் அரை நாள் வேறு வேலைக்கு ஒதுக்குவது நல்லதுதான். முழுநேர டெலிமெடிசின் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பழக வேண்டிய வயது இது.

கடைசியாக, சம்பள வேலைக்குச் சரி சொல்லும்முன் அந்த கிளினிக்கின் வரவேற்பறையில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறார்கள் என்று எண்ணுங்கள். ஆளுக்கு நாலு நிமிடம்தான் என்றால் சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் வேறு இடம் பாருங்கள்.