மேசா ஆர்ச்சில் விடியல்

கேள்வி: அக்டோபர் நடுவில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். அங்குள்ள இயற்கைப் பாறை வளைவான மேசா ஆர்ச்சில் சூரிய உதயத்தைப் படமெடுக்க எப்போது கிளம்ப வேண்டும்?

பதில்: அந்த நாட்களில் ஏழரை மணியளவில் சூரியன் எழும். பக்கத்து ஊரான மோவாபிலிருந்து ஐந்தரைக்கே புறப்படுங்கள். முக்கால் மணி நேரக் கார்ப் பயணம், பிறகு சிறு நடை. நான் தாமதமாகப் போன அன்று, பாறை விளிம்பு முழுக்கக் கேமரா முக்காலிகள்; எனக்குக் கிடைத்தது இரு தோள்களுக்கு இடையிலான ஒரு சந்து.

சூரியன் தெரிந்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். ஒளி கீழேயுள்ள செங்குத்துப் பாறையில் பட்டுத் திரும்பி, வளைவின் அடிப்பகுதியைத் தணலாக்குகிறது. அந்த நிறத்துக்காகத்தான் இவ்வளவு தூரம்! அகலக் கோண லென்ஸ், எஃப் 16 என்ற சிறிய லென்ஸ் துளை அளவு போதும். சூரியன் வளைவை ஒட்டி எட்டிப் பார்க்கும்போது நட்சத்திரமாக விரியும். வெளிச்ச அளவை மாற்றி மூன்று படங்கள் எடுங்கள்.

வளைவின் மேல் ஏறக் கூடாது, தடை இருக்கிறது. பாதையோரம் கறுத்துப் பொருக்காக இருக்கும் மண்ணையும் மிதிக்காதீர்கள், அது நுண்ணுயிர்கள் வாழும் உயிருள்ள மண். ஒரு காலடித் தடம் ஆற ஆண்டுகள் பல ஆகும். குடிநீரும் கம்பளி உடையும் கட்டாயம்.