வடிசாலை வீடு: கறுப்பு வேறு, ஈரம் வேறு

வணக்கம் ஐயா,

ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில், பழைய விஸ்கி வடிசாலையை ஒட்டிய தொழிலாளர் வரிசை வீடு ஒன்று விலைக்கு வருகிறது. கல் கட்டடம். வெளிச்சுவர் கரி பிடித்ததுபோல் இருக்கிறது, உள்ளே ஈரம். சுரண்டிவிட்டு சிமென்ட் பூசினால் போதும் என்கிறார்கள். செய்யலாமா? ஆலையை ஒட்டி ஏன் வீடு கட்டினார்கள்?

கே.

அன்புள்ள கே.,

சிமென்ட் வேண்டாம். அநேகமாக முன்பு யாரோ பூசிய சிமென்ட்தான் அந்த ஈரத்துக்கே காரணம்.

முதலில் கறுப்பு. அது பாடோயினியா (Baudoinia) என்ற பூசணம். கிடங்கிலுள்ள பீப்பாய்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிப் போகிறது. அந்தச் சாராய ஆவியில்தான் இது வளர்கிறது. பிரான்சின் கோன்யாக்கில் 1872-லேயே போதுவாங் என்பவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். அவர் பெயரை இதற்குச் சூட்டியது 2007-இல். வேலி, மரப்பட்டை, சாலைப் பலகை எல்லாம் அதே கறுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். உள் ஈரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். கல் இடுக்கிலுள்ள சுண்ணாம்பு பெயர்ந்துவிடும், கிடங்கு இருக்கும்வரை கறுப்பும் திரும்ப வரும்.

ஈரம்தான் கவலைப்பட வேண்டியது. இந்தச் சுவர்கள் சுமார் 600 மி.மீ. தடிமன்: இரண்டு பக்கமும் கரடுமுரடான கல், நடுவில் சில்லும் சுண்ணாம்புச் சாந்தும். மழை கொஞ்சம் உள்ளே போகும், காற்றடித்தால் சுண்ணாம்பு வழியாகவே வெளியேறும். சிமென்ட் பூச்சில் மயிரிழை விரிசல் விழும். அதில் இறங்கிய நீருக்குத் திரும்ப வழி கிடையாது, உள்பக்கம்தான் வரும். பழைய உள்பூச்சு மரச்சட்டத்தின் மேல், சுவரைத் தொடாமல் இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளியை அடைத்தவர்களும் உண்டு.

செலவைத் தண்ணீர் வரும் வழியிலிருந்து தொடங்குங்கள். முதலில் வார்ப்பிரும்புத் தூம்பு, கூரை ஸ்லேட், புகைபோக்கியின் தலை. வெளித்தரை உள்தளத்தைவிட 150 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும், மரத்தளத்துக்கு அடியிலுள்ள காற்றுத் துளைகளை மண் மூடியிருந்தால் தோண்டி எடுங்கள். பயன்படாத புகைபோக்கியை முழுக்க அடைக்காமல் காற்றுப் போகும் மூடி போடுங்கள். பிறகு சிமென்ட்டைக் கையுளியால் மெதுவாகப் பெயர்த்து, சுண்ணாம்பில் பூசலாம். 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் வேலை வைத்தால் உறைந்து உதிரும். ஏப்ரலுக்குப் பின் தொடங்குங்கள், ஈரச் சாக்கு போர்த்தி மெல்லக் காயவிடுங்கள். சுவர் முழுதும் உலர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு உள்ளே பெயின்ட் அடிப்பவர்கள்தான் அதிகம்.

ஆலையை ஒட்டி வீடு கட்டியதற்குக் காரணம் கருணை அல்ல, விஸ்கிக்காக முளைகட்டும் பார்லி. ஊறவைத்துத் தளத்தில் பரப்பிய பார்லியை ஏறக்குறைய ஒரு வாரம், இரவு பகலாகச் சில மணிக்கொருமுறை மரத்துடுப்பால் புரட்ட வேண்டும். விட்டால் சூடேறி வேர்கள் பாய்போலப் பின்னிக்கொள்ளும். ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். ஐலா தீவின் புன்னஹாவன் 1881-இல் ஆளில்லாத கரையில் தொடங்கியது; ஆலையோடு சாலை, படகுத்துறை, வீடுகள் எல்லாவற்றையும் கம்பெனியே கட்டியது. வேலை போனால் வீடும் போகும் என்பது இந்த ஏற்பாட்டின் மறுபக்கம். அங்கே 1963-இல் தளத்தில் பார்லி முளைகட்டுவது நின்றது. இப்படி முளைகட்டலை வெளியே கொடுத்த ஆலைகளுக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. பல ஊர்களில் வீடுகள் விற்பனைக்கு வந்தது அதனால்தான்.

கலால் அதிகாரிக்கும் ஆலை முதலாளியே தங்குமிடம் தர வேண்டியிருந்தது. கிடங்குக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி அவரிடம். 1983 வரை அப்படித்தான். நீங்கள் பார்த்த வீடு வரிசையிலிருந்து சற்று விலகி, கூடுதல் அறைகளோடு இருந்தால் அது அவருடையதாக இருந்திருக்கலாம். எதுவானாலும், முன்பணம் தருமுன் அது பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் ஏ, பி, சி எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள். ஆலை பட்டியலில் இருந்தால் வீடும் அதில் அடங்கக்கூடும். அப்போது சன்னல் மாற்றக்கூட கவுன்சிலின் அனுமதி வேண்டும்.