மெசேஞ்சர் வழியாகவே வலைப்பதிவு படிக்கவும் எழுதவும் முடியுமா?

முடியும். நான் இரண்டையும் செய்கிறேன். படிப்பதற்கு யோசிக்காமல் இறங்கலாம், எழுதுவதற்குக் கொஞ்சம் கடிவாளம் வேண்டும்.

இது புது விஷயமும் இல்லை. 2010 வாக்கில் தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணத்தை நிமிஷத்துக்கு ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்துகொண்டிருந்த ஆள் நான். அப்போது வலைப்பதிவு எழுத இடம் தரும் வேர்ட்பிரஸ்.காம் ஒரு பாட் (bot, ஆள் இல்லாமல் தானாகவே பேசும் சாட் கணக்கு) வைத்திருந்தது. ஜிமெயில் சாட்டில் அதை நண்பராகச் சேர்த்து, பிடித்த வலைப்பதிவின் முகவரியை அனுப்பிவிட்டால் போதும், புது இடுகை வந்ததும் சாட் பெட்டி 'டிங்' என்று கத்தும். ஜிமெயில் சாட்டை ஓட்டிய கூகுள் டாக்கும் அந்த பாட்டும் ஜாபர் என்ற ஒரே பொது நெறிமுறையை, அதாவது ஒரே சாட் மொழியைப் பேசியதால் இது நடந்தது. 2013-இல் கூகுள், ஹேங்அவுட்ஸ் என்ற புது சாட்டுக்கு நகர்ந்தபோது அந்தக் கதவு சாத்தத் தொடங்கியது. அதே வருடம் ஜூலையில், வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரையும் மூடினார்கள். எங்களுக்கு இரட்டை இழவு.

இப்போது நான் இருப்பது டெலிகிராமில். 2015-இல் அவர்கள் பாட் வசதியைத் திறந்துவிட்டார்கள். ஃபீட் (வலைப்பதிவின் புது இடுகைகளைத் தரும் பட்டியல்) படிக்கும் பாட்கள் நிறைய கிடைக்கின்றன. வலைப்பதிவின் ஃபீட் முகவரியைக் கொடுத்தால், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துப் புதியதைக் கொண்டுவரும். அதனால் இடுகை வந்த நொடியே தெரியாது, கொஞ்சம் தாமதமாகும். வாட்ஸ்அப்பில் இதை முயல வேண்டாம். சொந்த எண்ணில் பாட் ஓட்டுவது அவர்கள் விதிக்கு ஒத்துவராது.

சாட்டிலிருந்தே எழுதுவதன் அருமை எனக்குப் புரிந்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, மொட்டை மாடியில் ஒரு மூலையில் நின்றால் மட்டும் ஒரு கோடு சிக்னல். வேர்ட்பிரஸ் எடிட்டர் திறக்கவே இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் சாட்டில் தட்டிய நாலு வரி, கடிகாரக் குறியோடு காத்திருந்து, டவர் கிடைத்த நொடியில் போய்விட்டது. சாட்டில் வருவதை வலைப்பதிவில் போடும் என் பாட் வேறு ஊரில் ஒரு வாடகை சர்வரில் ஓடுவதால் வீட்டில் கரண்ட் போனது அதற்குத் தெரியாது. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், பால் எங்கே கிடைக்கிறது என்று அன்று ஏழெட்டு இடுகை போட்டேன். பிறகு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகும் வலையும் கருப்பாகிக் கிடந்ததையும் அப்படியே, நின்ற இடத்திலிருந்து எழுதினேன்.

பாட் செய்வது பெரிய வித்தை இல்லை. டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் கேட்டால் ஒரு டோக்கன் (பாட்டை இயக்கும் ரகசியச் சாவி) தரும். வேர்ட்பிரஸ் 5.6-லிருந்து இதற்கென்றே தனி ஆப் பாஸ்வேர்டு எடுத்துக்கொள்ளலாம், உங்கள் உண்மையான பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். சாட்டில் வந்ததை எடுத்து வேர்ட்பிரஸிடம் ஒப்படைக்க ஐம்பது அறுபது வரி பைத்தான் நிரல் போதும்.

சரி, கடிவாளம் எதற்கு? முதலில் நான் என்டர் தட்டியதும் நேரே பிரசுரமாகும்படி வைத்திருந்தேன், முதல் வரிதான் தலைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் மீன் வாங்க நின்றுகொண்டு அம்மாவுக்கு அனுப்ப வேண்டியதை பாட்டுக்கு அனுப்பிவிட்டேன். "மா, வஞ்சிரம் கிட்டயே போவ முடியல, சங்கரா வாங்கியாறேன்" என்ற தலைப்பில் இடுகை வெளியாகிவிட்டது. நான் கவனிப்பதற்குள் மூன்று பின்னூட்டம். ஒருவர் குழம்பா வறுவலா என்று கேட்டிருந்தார்.

அன்று மாலையே மாற்றிவிட்டேன். இப்போது எது அனுப்பினாலும் வரைவாக மட்டும் சேரும். பாட் அதைத் திருப்பிக் காட்டும், நான் "போடு" என்று பதில் சொன்னால்தான் வெளியே போகும். அப்புறம் இன்னொன்று: பாட்டின் பெயர் தெரிந்த யாரும் அதோடு பேசலாம். அதனால் உங்கள் சாட் எண்ணிலிருந்து (டெலிகிராம் கணக்கின் அடையாள எண், ஃபோன் நம்பர் இல்லை) வந்ததா என்று சரிபார்க்கும் வரியை முதலில் எழுதிவிட்டு, மற்றதைப் பிறகு எழுதுங்கள்.