வாசகர் கேள்வி – பதில்: காலில் நிற்கும் வீடு

கேள்வி: என் மகளும் மருமகனும் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில், பேடிங்டன் என்ற பகுதியில் பழைய மரவீடு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். குட்டி வீடு, கட்டைக்கால்களில் நிற்கிறது, சுவர் வெறும் பலகை. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இடித்துவிட்டு நல்லதாகக் கட்டலாமே என்றால், "தொழிலாளி வீடு, இடிக்கக் கூடாது" என்கிறாள். இதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வெறும் பலகை என்று சொல்லிவிட்டீர்களே அம்மா, அந்தப் பலகையில்தான் விஷயமே இருக்கிறது.

அடுத்த தடவை போகும்போது வெளிச்சுவரை உற்றுப் பாருங்கள். நாம் எதையாவது கட்டினால் எலும்பை உள்ளே மறைத்து, மேலே பூசி மெழுகிவிடுவோம். அங்கே பல வீடுகளில் நிறுத்து கட்டைகளும் குறுக்குக் கட்டைகளும் வெளியே அப்படியே தெரியும். உள்பக்கம் மட்டும் ஒரு வரிசைப் பலகை, ஒன்றின் விளிம்பு மற்றதன் பள்ளத்தில் செருகிக்கொள்கிற மாதிரி. ஒரு அங்குலத் தடிமன்கூட வராத அந்த ஒற்றைப் பலகைதான் மொத்தச் சுவரும். அழகுக்காகச் செய்ததில்லை, இன்னொரு வரிசைப் பலகைக்குக் கையில் காசில்லை, அவ்வளவுதான். பெரிய குளிர் இல்லாத ஊர் என்பதால் தாக்குப்பிடித்தார்கள். (அங்கே குளிர்காலமான ஜூலை மாத இரவில் போய்ப் படுத்துப் பாருங்கள், மகளிடம் இன்னொரு கம்பளி கேட்பீர்கள்.)

கால்களுக்கு ஒரே காரணம் கிடையாது. மேடும் பள்ளமுமான ஊரில் தரையைச் சமப்படுத்துவதைவிட, பள்ளத்துப் பக்கம் நீளக் கட்டையும் மேட்டுப் பக்கம் குட்டைக் கட்டையும் நட்டுவிடுவது சுலபம், செலவும் குறைவு. அடியில் காற்று ஓடும். மழை நாளில் துணி காயப்போடலாம், பிள்ளைகள் விளையாடலாம். எல்லாவற்றுக்கும் மேல் கரையான்! ஒவ்வொரு கட்டையின் தலையிலும் தட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரு தகரத் தொப்பி இருக்கும். கரையானை அது கொல்லாது. ஆனால் மேலே ஏற வேண்டுமானால் தொப்பியின் வெளிப்பக்கமாகச் சுற்றி மண்புற்று கட்டித்தான் ஏற வேண்டும், அப்போது நம் கண்ணில் பட்டுவிடும். காவல்காரன் வேலை!

மேலே நெளிதகரக் கூரை. முன்னால் வராந்தா. கதவுகளுக்கு மேலே பூவேலை வெட்டிய மரக் கிராதி இருந்தால் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள், கதவைச் சாத்தினாலும் அறைக்கு அறை காற்று போவதற்கு அது. பின்பக்கம் தகரம் போர்த்திய ஒரு சின்னப் பெட்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதுதான் அந்தக் காலத்து அடுப்பு மாடம். மரவீட்டில் நெருப்பைக் கொஞ்சம் தள்ளியே வைத்தார்கள்.

இடிப்பது பற்றி: பிரிஸ்பேனின் பழைய பகுதிகளில் 1946 அல்லது அதற்கு முன் கட்டிய வீடுகளுக்கு மாநகராட்சியின் பாதுகாப்பு உண்டு. அந்த வருஷம் வானத்திலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. உங்கள் கூரை அதில் தெரிந்தால் கதை முடிந்தது. இது தெருவின் முகத்தைக் காப்பாற்றுகிற விதி, ஆகவே பின்பக்கம் நீட்டிக் கட்டவோ வீட்டை அப்படியே தூக்கி அடியில் அறை எடுக்கவோ அனுமதி வாங்கிச் செய்யலாம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய வீடு என்றால் கெடுபிடி அதிகம், உள்ளே இருப்பதும் கணக்கில் வரும். மகள் வீடு இதில் எந்த ரகம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொழிலாளி வீடு என்றால் முதலாளி கட்டிக்கொடுத்த லயன் மாதிரியா?
– வாசகர், கண்டி

பதில்: இல்லை. லயன் என்ற சொல்லை, தோட்டத் தொழிலாளர்களின் அந்த ஒட்டு வரிசை வீடுகளை, உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்! அங்கே நடந்தது நேர் எதிர். இங்கிலாந்துத் தொழில் நகரங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளில் ஜனங்கள் நெருக்கியடித்துக் கிடந்ததைப் பார்த்திருந்த குயின்ஸ்லாந்து (பிரிஸ்பேன் இருக்கும் பகுதி) அரசு, 1885இல் ஒரு சட்டம் போட்டது: வீட்டு மனை 16 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. பேர்ச் உங்களுக்குப் புரியும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அது சரியாகப் பத்து சென்ட். மூட்டை தூக்குகிறவர் வீடு என்றாலும் அந்த அளவு மனையில்தான் என்று ஆனபின், சின்னதாக இருந்தாலும் நாலு பக்கமும் காற்று வருகிற தனி வீடுகளாகவே நகரம் பரவியது. சட்டத்துக்கு முன்பே துண்டு போட்ட மனைகள் பேடிங்டன் பக்கம் இடுக்கிக்கொண்டு நிற்பதையும் பார்க்கலாம்.

அப்புறம் 1909இல் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குள், சொந்த மனை உண்டு, வீடு இல்லை என்றால் அரசே 300 பவுண்டு வரை கடன் கொடுக்கும். வீடு, கடன் வாங்கியவர் பெயரில்தான். அந்தத் திட்டத்தின் முதல் வீடு 1910இல் பிரிஸ்பேனின் நண்டா பகுதியில், சர்ரே தெருவில் எழுந்தது, இன்றைக்கும் நிற்கிறது, பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. அரண்மனையோ கோயிலோ இல்லை, கடன் வாங்கிக் கட்டிய ஒரு வீடு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இதே மாதிரி வீடுகளை இப்போது மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள், அதில் எந்தத் தொழிலாளியும் குடியேற முடியாது என்பது வேறு விஷயம்.

கேள்வி: (கோயம்புத்தூர் வாசகியே) பேரனுக்கு ஒன்றரை வயது. வராந்தாக் கம்பியைக் கடித்துக்கொண்டே நிற்கிறான். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 1890களில் பிரிஸ்பேன் குழந்தைகளுக்கு ஈய நஞ்சு ஏறுவதை அங்குள்ள மருத்துவர்கள் கவனித்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று பல வருஷம் பிடிபடவில்லை. 1904இல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் காட்டிய இடம், இதே வராந்தாக் கம்பிகள்தான். வெயிலில் பொடியாக உதிர்ந்த ஈய வண்ணம் பிள்ளைகளின் விரலில் ஒட்டி வாய்க்குப் போனது. 1922இல் குயின்ஸ்லாந்து, பிள்ளைகள் கைக்கு எட்டும் இடங்களில் அந்த வண்ணத்தைத் தடை செய்தது. ஆனால் பழைய பூச்சு புதியதற்கு அடியில் இன்னும் இருக்கலாம். வண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும்வரை மருமகனை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள், தூசிதான் ஆபத்து. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், பேரனுக்குக் கடிக்க வேறு ஏதாவது கொடுங்கள்.