ஆகஸ்ட் 15 குலிமில் வேலை நாள்தான், தம்பி

கோவில்பட்டிப் பக்கம் ஆகஸ்ட் 15 என்றால் விடுமுறை, தேசியக் கொடி, பரலோக மாதா பூசை, அதாவது மரியாளின் விண்ணேற்புத் திருநாள், எல்லாம் சேர்ந்தே வரும். மலேசியாவில், இந்தக் கெடா மாநிலத்துக் குலிமில் அன்றைக்கு ஷிப்டு இருக்கிறது, கூட வேலை செய்கிறவர்கள் என்ன திருநாள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அறையில் இருக்கும் பெந்தகோஸ்தே நண்பரோ 'பைபிளில் எங்கே இருக்கிறது' என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அந்தப் பக்கத்துப் பெண்தான். காமநாயக்கன்பட்டியில் மாதா தேருக்குப் பின்னால் கும்பிடு சேவை செய்து போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். கட்டிக்கொடுத்து இந்த ஊருக்கு வந்தபோது எனக்கும் ஆகஸ்ட் மாதம் வெறிச்சென்றுதான் இருந்தது.

நண்பர் கேட்பது நியாயமான கேள்வி. மரியாளின் கடைசி நாள்களைப் பற்றி பைபிளில் ஒரு வரியும் கிடையாது. அதை நேராக ஒத்துக்கொள்ளுங்கள். திருச்சபை சொல்வது இதுதான்: இயேசு தம் சொந்த வல்லமையால் விண்ணேறினார், மரியாள் தானாக ஏறிப் போகவில்லை, கடவுள் அவரை எடுத்துக்கொண்டார், உடலோடும் ஆன்மாவோடும். திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1950 நவம்பர் 1ஆம் தேதி. அதனால் இது நேற்று முளைத்த திருநாள் என்று நினைத்துவிடக் கூடாது. கீழைத் திருச்சபையில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஆகஸ்ட் 15 கொண்டாடப்பட்டு வருகிறது. மரியாள் இறந்தாரா இல்லையா என்ற வழக்குக்குள் 1950 அறிவிப்பு போகவே இல்லை; மண்ணுலக வாழ்வை முடித்தபின் என்று மட்டும் சொல்கிறது.

அன்றைய இரண்டாம் வாசகத்தைக் கவனித்துக் கேளுங்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 15ஆம் அதிகாரம். சாவிலிருந்து எழுந்தவர்களில் கிறிஸ்து முதற்கனி, அடுத்து அவருக்குரியவர்கள் என்கிறார் பவுல். அந்த வரிசையில் மரியாளுக்கு முன்கூட்டியே கிடைத்ததுதான் விண்ணேற்பு. நமக்கு எல்லோருக்கும் சொல்லப்பட்ட வாக்குறுதி ஒரு பெண்ணிடம் நிறைவேறிவிட்டது. பிள்ளையைச் சுமந்து, பாலூட்டி, எகிப்துக்கு ஓடி, சிலுவையடியில் நின்ற அந்த உடம்பைக் கடவுள் மண்ணுக்கு விடவில்லை.

இது எனக்குப் புரிந்தது என் மாமியாரைப் பார்த்துத்தான். ரப்பர் தோட்டத்தில் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் சீவியவர். உளி பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கையில் காய்ப்பு. பால் வாளியைக் காண்டா என்கிற தோள் கம்பில் தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சோப்புப் போட்டாலும், மரத்தில் உறைந்து காயும் கோட்டுப்பால் வாடை போகாது. தோட்டத்துச் சிற்றாலயத்துக்குத் தகரக் கூரை. மாதா முன்னால் மெழுகுவர்த்தி வைக்க, மரத்தில் பால் பிடிக்கும் மங்குதான். ஆகஸ்ட் 15 சாயங்காலம் அந்தப் பெண்கள் குளித்துத் தலைக்கு எண்ணெய் வைத்து, செபமாலை சொல்லி முடித்து மாதாவின் காலைத் தொட்டுத் தொட்டுக் கும்பிடுவார்கள். 'இந்த ஒடம்பையும் ஆண்டவரு வேணாங்கமாட்டாரு' என்பார் மாமியார். இறையியல் அவர் படித்ததில்லை, ஆனால் திருநாளின் பொருளை இதைவிடச் சரியாகச் சொன்னவர்களை நான் கேட்டதில்லை.

அவருடைய அண்ணன், உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போகப்பட்டவர், திரும்பவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களுக்கு அங்கே கல்லறைகூட இல்லை. உலகப் போர் முடிந்து ஐந்தே ஆண்டில் வந்த 1950 அறிவிப்பில், நம் உடலும் ஆன்மாவும் எவ்வளவு உயர்ந்த முடிவுக்கு உரியவை என்பதை எல்லோரும் தெளிவாகக் காண வேண்டும் என்று திருத்தந்தை எழுதினார். சயாமில் உயிர்விட்டவர்களின் குடும்பங்களுக்கு அது வெறும் கோட்பாடா, சொல்லுங்கள்.

நற்செய்தியும் அப்படித்தான். லூக்கா முதல் அதிகாரம், மரியாள் எலிசபெத்தைப் பார்க்கப் போய்ப் பாடும் பாட்டு. வலியவர்களைக் கடவுள் அரியணையிலிருந்து இறக்குகிறார், தாழ்ந்தவர்களை உயர்த்துகிறார், பசித்தவர்களை நிரப்புகிறார். அறைத்தோழரிடம் வாதாடுவதைவிட அந்தப் பகுதியைச் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். அது அவருடைய பைபிளிலும் இருக்கிறது.

மலாய் நண்பர்கள் கேட்டால் 'எங்கள் அன்னை மரியாளின் பெருநாள்' என்று சொன்னாலே போதும். மர்யம் அவர்களுக்கும் மதிப்புக்குரியவர். குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதற்கு மேல் விளக்கம், துண்டுப்பிரசுரம் எதுவும் வேண்டாம். முஸ்லிம்களிடம் பிற மதத்தைப் பரப்புவது கெடா மாநிலச் சட்டப்படி குற்றம். இதைப் புதிதாக வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

இன்னொன்று. இந்தத் திருநாளுக்கும் நீங்கள் வந்து சேர்ந்த மண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் தொடங்கியபோது, கோலக் கெடாவிலிருந்து போன யூரேசிய (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழிவந்த) கத்தோலிக்கர்கள் இந்தத் திருநாளை ஒட்டித்தான் அங்கே கரையேறினார்கள். அதனால்தான் ஜார்ஜ் டவுன் ஃபார்குவார் தெருவில் இருக்கும் கோயிலுக்கு விண்ணேற்பு அன்னை பெயர். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறினால் சுலபமாகப் போய்விடலாம்.

வேலை விஷயம்: பூசை பெரும்பாலும் சாயங்காலம்தான் இருக்கும், எந்த மொழியில் எத்தனை மணிக்கு என்று முந்தின வாரமே கோயிலில் அறிவித்துவிடுவார்கள். ஷிப்டு மாற்ற வேண்டுமென்றால் ஜூலை கடைசியிலேயே சூப்பர்வைசரிடம் கேட்டு வையுங்கள். மெர்டேக்கா, அதாவது மலேசியச் சுதந்திர தினம், நெருங்கும் மாதம், லீவு கேட்கிறவர்கள் நிறைய. மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் எழுதுங்கள், எங்கள் வண்டியில் இடம் இருக்கும்.