கணக்கு சரிதான், ஒப்பீடுதான் தவறு

வணக்கம். கழுத்துத் தமனியில் சறுக்குத் தகைவு (shear stress, பரப்பை ஒட்டி இழுக்கும் விசை, ஒரு சதுர மீட்டருக்கு) 1 பாஸ்கல்தான் வருகிறது, எஃகின் சறுக்கு வலிமையோ சில நூறு மெகாபாஸ்கல் (ஒரு மெகாபாஸ்கல் பத்து லட்சம் பாஸ்கல்), எங்கோ சுழியங்களை விட்டுவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். விடவில்லை. ஆரம் 3 மி.மீ., பாய்வு நொடிக்கு 6 மி.லி., இரத்தத்தின் பாகுநிலை (பிசுபிசுப்பின் அளவு) 0.0035 பாஸ்கல்-நொடி என்று போட்டால் எனக்கும் ஏறத்தாழ 1 பாஸ்கல்தான் கிடைக்கிறது.

வலிமை என்பது பொருள் முறிவதற்கு முன் தாங்கும் எல்லை. நீங்கள் கணக்கிட்டதோ, ஓடும் இரத்தம் சுவரை உரசும் அளவு. இரத்தம் திரவம், மிகச் சிறிய தகைவிலேயே ஓடத் தொடங்கிவிடும். அதனால் எஃகோடு அதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

அந்த 1 பாஸ்கலை அற்பமாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான். தமனியின் உட்சுவரை மூடியிருக்கும் எண்டோதீலியச் செல்கள் இந்த உரசலை உணர்கின்றன. பாய்வு கூடினால் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் குழாயை விரிக்கின்றன. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தின் வெளிச்சுவரில் பாய்வு சுழன்று, தகைவு 0.4 பாஸ்கலுக்கும் கீழே இறங்குகிறது. கொழுப்புப் படிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. உரசல் கூடினால்தான் கேடு என்று நினைப்போம். இங்கே குறைவதுதான் கேடு.

வலிமைக்கு நெருங்கிய கேள்வி வேண்டுமானால், சிவப்பணு எப்போது கிழியும் என்று கேளுங்கள். நிமிடக்கணக்கில் நீடித்தால் சுமார் 150 பாஸ்கல் போதும். செயற்கை இதயப் பம்புகளை வடிவமைப்பவர்களின் கவலை அதுதான்.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: தகைவுச் சூத்திரத்தில் ஆரம் மும்மடியில், வகுக்கும் இடத்தில் வருகிறது. அதே பாய்வில் ஆரம் பாதியானால் தகைவு 8 மடங்காகும்.