30 அடி

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்குப் பாதுகாவலராக இருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காக அவருடன் டெல்லி போகிறேன். ஒருநாள் முன்னதாகவே போய்ப் பார்த்துவைக்க அனுமதி வாங்கிவிட்டேன். பிஸ்டலை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? முதலாளிக்கு புல்லட் புரூஃப் வெஸ்ட் வாங்கச் சொல்லலாமா? அந்த ஒருநாளில் எதையெல்லாம் பார்க்கவேண்டும்?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

முன்னதாக ஒருநாள் கேட்டு வாங்கினீர்களே, அதற்கே உங்களைத் தட்டிக்கொடுக்கவேண்டும். பல முதலாளிகள் அந்த டிக்கெட் காசைத் தண்டம் என்பார்கள். ஆனால் முதல் கேள்வி பிஸ்டல், கடைசிக் கேள்வி அந்த நாள். வரிசை தலைகீழாக இருக்கிறது தம்பி.

1981 மார்ச் 30, வாஷிங்டன் ஹில்டன் ஓட்டல். அமெரிக்க அதிபர் ரீகனின் பேச்சைக் கேட்க வந்தவர்களைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். வாசலிலிருந்து காருக்கு ஏறக்குறைய 30 அடி. இவ்வளவுதானே என்று ரீகன் வெஸ்ட்கூடப் போடவில்லை. வெளியே கயிற்றுக்குப் பின்னால், சுமார் 15 அடியில், யாரும் சோதிக்காத ஒரு கூட்டம். அதிலிருந்து ஒருவன் சுட்டான், 1.7 விநாடியில் 6 குண்டுகள். ஒன்று ரீகன்மேல் பட்டது. எந்தப் பிஸ்டலை உருவி எதைத் தடுப்பது? அந்த ஓட்டல் பிறகு வாசலையே மூடிய கார்ப்பாதையாக மாற்றியது.

அதனால் போனதும் போர்டிகோவில் நில்லுங்கள், கல்யாணக் கூட்டம் வரும் அதே மணிநேரத்தில். காலையில் காலியாக இருக்கும் போர்டிகோ இரவு எட்டு மணிக்கு வேறு இடம். சுழலும் கதவா? அதில் ஒருவர் ஒருவராகத்தான் போகமுடியும், முதலாளி கண்ணாடிக்கு உள்ளே, நீங்கள் வெளியே. பக்கத்துக் கதவைத் திறந்துவைக்கச் சொல்லி, திறப்பவர் பெயரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கார் எங்கே காத்திருக்கும்? பேஸ்மென்டில் என்றால் இரண்டு தளமும் இறங்கிப் போனில் டவர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. டிரைவரை அழைத்துக்கொண்டே முதலாளியோடு வாசலில் ஐந்து நிமிடம் நிற்பதுதான் இந்தத் தொழிலில் தினமும் நடக்கும் கூத்து. கார் மேலே வந்து, பின் இடதுகதவு வாசலுக்கு நேராக நின்ற பிறகுதான் அவர் லாபியை விட்டு வெளியே வரவேண்டும்.

அந்தக் கதவையும் டிரைவரையும் வைத்துப் பத்துமுறை பழகுங்கள். டிரைவர் லாக்கை விடுவிக்கும் அதே நொடியில் வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்தால் சில கார்களில் கதவு திறக்காது. மறுபடி லாக், மறுபடி இழுப்பு. ‘டக்’ சத்தம் கேட்டபிறகு இழுங்கள். சைல்டு லாக் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் உள்ளிருந்து அவரால் இறங்கமுடியாது. வாடகைக் கார் என்றால் முதல்நாள் பழகிய அதே காரும் அதே டிரைவரும்தான் வரவேண்டும் என்று சண்டைபோட்டு வாங்குங்கள்.

மருத்துவமனை. வெள்ளை மாளிகைக்குக் கிளம்பிய காரை, ரீகன் வாயில் ரத்தம் நுரைத்ததைக் கண்டதும் அவருடைய பாதுகாவலர் ஜெரி பார், ஜார்ஜ் வாஷிங்டன் மருத்துவமனைக்குத் திருப்பினார். உங்கள் முதலாளிக்குக் குண்டைவிட மாரடைப்புக்கே வாய்ப்பு அதிகம். இரவில் இதயச் சிகிச்சை உண்டா என்று நேரில் கேளுங்கள். எமர்ஜென்சி கேட் எது என்று ஓட்டிப்போய்ப் பாருங்கள். டெல்லி எய்ம்ஸும் அடிபட்டவர்களைப் பார்க்கும் அதன் டிராமா சென்டரும் ஒரே வளாகத்தில் இல்லை. ‘எய்ம்ஸ்’ என்று மட்டும் டிரைவரிடம் சொன்னால் அவர் எங்கே போவார்?

வெஸ்ட்? கல்யாணத்துக்கு அவர் போடமாட்டார், விடுங்கள். அறை மூன்றாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் இடையில் இருக்கட்டும், தீயணைப்பு ஏணி எட்டவேண்டும். அவசரப் படிக்கட்டில் தரைவரை இறங்கி, கடைசிக் கதவில் பூட்டுத் தொங்குகிறதா என்று பாருங்கள்.

பிஸ்டல் பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா? லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லுமா என்று முதலில் பாருங்கள். ஏர்லைனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குண்டுகளைக் கழற்றி செக்-இன் பெட்டியில்தான் போகும், கேபினுக்குள் வராது. டெல்லியில் அந்தப் பெட்டிக்காக நீங்கள் நிற்கும்போது முதலாளி தனியாக வெளியே நடந்துவிடுவார். அவரையும் பெட்டி வரும் பெல்ட் அருகிலேயே நிறுத்திவையுங்கள்.